செல்போனை நானேதான் கொடுத்தேன்

தம்பி,

நீ சென்னைக்கு வேலைக்குப் போய் இன்றோடு பதினோரு நாள் ஆகிறது. தினமும் பேசுகிறோம். மெஸ்ஸில் சோறு வேகிறதா, தண்ணீர் உப்பாக இருக்கிறதா, துணியை எங்கே காயப்போடுகிறாய் என்று நான் கேட்கிறேன். நீயும் பொறுமையாகப் பதில் சொல்கிறாய். சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் சொல்லாமல் ஒவ்வொரு முறையும் போனை வைத்துவிடுகிறேன். வாயால் சொல்லத் தொடங்கினால் பாதியில் அழுவேன், நீ "விடும்மா, பெறகு பேசலாம்" என்பாய், அந்தப் பிறகு வராமலே போய்விடும். அதனால் எழுதுகிறேன். இரண்டு பக்கத்துக்கு மேல் எழுதிப் பல வருடம் ஆயிற்று. பத்தாம் வகுப்பில் கட்டுரைப் போட்டிக்கு எழுதியதுதான் நான் எழுதியவற்றில் மிக நீளமானது. மகனுக்கு எழுதுவதை ஊர் படிக்கும்படி ஏன் பத்திரிகைக்குக் கொடுக்கிறாய் என்று கேட்பாய். காரணம் கடிதத்துக்குள்ளேயே இருக்கிறது. முதல் பிரதி உனக்குத்தான் வருகிறது. யாருடைய பேரையும் நான் எழுதவில்லை.

நீ கிளம்பிய அன்று மதியம் உன் மாமா வந்திருந்தார் அல்லவா? பந்தியில் உட்கார்ந்து உனக்குப் புத்தி சொன்னார். "மருமகனே, மெட்ராஸ்ல கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள செல்ல அடிச்சிருவான். சூதானமா இருந்துக்க" என்றார். நீ அப்பளத்தை உடைத்துக்கொண்டே சிரித்தாய். "எங்கிட்டயா மாமா? விருதுநகர்ல அம்மா செல்ல அடிச்சவன நாந்தான புடிச்சேன். களவாணிப் பயல மூஞ்சியப் பாத்தே சொல்லிருவேன்." மாமாவுக்கு ஒரே பெருமை. "வீடியோல பாத்தோம்லா! ஒரே அறைல ஆளு சுருண்டுட்டாம்லா!" என்று உன் முதுகில் தட்டினார். நான் ரசம் ஊற்ற வந்தவள் கரண்டியோடு நின்றேன். "என்னம்மா, ஊத்து" என்று நீ இலையைக் காட்டினாய். ஊற்றினேன். அந்தக் கணத்தில்தான் இதை இனியும் மறைத்து வைக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்து அவர் திருடரா இல்லையா என்று சொல்ல முடியும் என்கிற நம்பிக்கையோடு உன்னை அத்தனை பெரிய ஊருக்கு அனுப்பி வைத்திருக்கிறேன். அந்த நம்பிக்கையை உனக்குக் கொடுத்தவள் நான். அது பொய்.

முதலில் பயன்படக்கூடிய சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். நூலகத்தில் பழைய செய்தித்தாள்களைப் புரட்டி இதற்காகவே குறிப்பெடுத்து வைத்தேன். ரோட்டோரம் நடக்கும்போது வண்டிகள் போகிற பக்கத்துக் காதில் போனை வைக்காதே. பைக்கில் வருகிறவன் வேகத்தைக் குறைக்கக்கூட மாட்டான். மின்சார ரயிலில் வாசலில் நின்று போன் பார்க்காதே. வண்டி நகரத் தொடங்கும் நேரம் பார்த்துத்தான் கீழே நிற்பவன் தட்டிவிடுவான். அதைப் பிடிக்கப் போய் விழுந்து செத்தவர்களைப் பற்றிப் படித்தேன். போன் போனால் போகட்டும், நீ அதன் பின்னால் குதிக்காதே. யாராவது வந்து "தம்பி, அவசரம், ஒரு கால் பண்ணிக்கிறேன்" என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடாதே, உண்மையாகவே அவசரமாக இருக்கலாம். எண்ணைக் கேட்டு நீயே அழுத்து, ஸ்பீக்கரில் போடு, போன் உன் கையிலேயே இருக்கட்டும். நட்சத்திரக் குறி, சதுரக் குறி, பூஜ்யம், ஆறு, சதுரக் குறி என்று அழுத்தினால் பதினைந்து இலக்கத்தில் உன் போனின் அடையாள எண் வரும். அதை ஒரு நோட்டில் எழுதி வை. திருடு போனால் முதலில் சிம்மை முடக்கு, பிறகு ஸ்டேஷனுக்குப் போ. இவையெல்லாம் யாரும் சொல்லக்கூடியவை. என்னால் மட்டும் சொல்லக்கூடிய ஒன்று உண்டு. அதற்கு எங்கள் கம்பெனி கேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நாரணாபுரத்தில் நான் பட்டாசுச் சரம் பின்னுகிற கம்பெனிக்கு நீ வந்ததில்லை. நானும் உன்னைக் கூட்டிப்போனதில்லை. பட்டாசுக் கம்பெனிக்குள் உன் கால் படக்கூடாது என்பது உன் அப்பாவும் நானும் பேசாமலே செய்துகொண்ட முடிவு. காலை எட்டு மணிக்கு கேட்டில் வரிசையாக நிற்போம். தீப்பெட்டி, பீடி, செல்போன் எதுவும் உள்ளே போகக்கூடாது. காக்கிச் சட்டை போட்ட வாச்மேன் அண்ணாச்சி ஸ்டூலில் உட்கார்ந்து கையை நீட்டுவார். வேறு பேச்சு இல்லை. "செல்லு" என்பார். கொடுப்போம், நம்முடைய எண்ணைச் சொல்வோம், அவர் சுவரில் இருக்கிற மரப்பெட்டியில் அந்த எண் போட்ட அறைக்குள் வைப்பார். பெண்கள் அங்கேயே கேலியைத் தொடங்கிவிடுவார்கள். "அண்ணாச்சி, எம்புருசன் போன் போட்டா ஆளு இல்லன்னு சொல்லாதீக. சந்தோசத்துல வேற கல்யாணம் கட்டிருவான்." அவரும் விடமாட்டார். "கட்டட்டும்த்தா, எனக்கும் ஒரு பந்திச் சாப்பாடு கெடைக்கும்லா?" என்பார். சிரித்துக்கொண்டே உள்ளே போவோம். ஒரு வருடம் பக்கத்துக் கம்பெனியில் விபத்து நடந்தது. சத்தம் கேட்டு எல்லோரும் கேட்டுக்கு ஓடிவந்தோம். அந்த மரப்பெட்டி முழுவதும் ஒரே நேரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. எல்லார் வீட்டிலிருந்தும் போன். அண்ணாச்சி எதை எடுப்பது என்று தெரியாமல் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு அந்தப் பெட்டியில் எடுக்க ஆளில்லாத செல் ஒன்றுகூட இல்லை. பக்கத்துக் கம்பெனிப் பெட்டியில் நான்கு இருந்தன.

பதினான்கு வருடமாகக் காக்கிச் சட்டை கையை நீட்டினால் செல்லைக் கொடுத்துப் பழகியவள் நான். இந்தப் பழக்கத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

இரண்டு வருடத்துக்கு முன் பங்குனிப் பொங்கல் கோயில் திருவிழா அன்று நாம் இருவரும் விருதுநகருக்குப் போனோம். தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்க இடமில்லை. நீ எண்ணெய் புரோட்டா பார்சல் வாங்க வரிசையில் நின்றாய். நான் பஜாரில் பாவாடைத் துணி பார்த்துவிட்டு வருகிறேன் என்று பிரிந்தேன். கையில் நீ வாங்கிக்கொடுத்த செல். கல்லூரி விடுமுறையில் திருத்தங்கல் அச்சகத்தில் இரண்டு மாதம் காலண்டர் அடுக்கி, அந்தச் சம்பளத்தில் வாங்கினாய். அதன் பின்பக்கம் ஒரு ரோஜாப் பூ படம் ஒட்டியிருந்தாய். ஒரு சந்து முனையில் கூட்டத்தைப் பிரிக்கக் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்குப் பக்கத்தில் காக்கிச் சட்டை போட்ட ஒருவன் நின்றான். என் கையில் செல் இருப்பதைப் பார்த்தான். கையை நீட்டினான். "செல்லு" என்றான்.

கொடுத்தேன், தம்பி. கொடுத்துவிட்டு "முப்பத்தேழு" என்று என் எண்ணையும் சொன்னேன். சொல்லிவிட்டுக் கயிற்றைக் குனிந்து தாண்டி உள்ளே போனேன். அவனே ஒரு கணம் திகைத்திருக்க வேண்டும். பத்து அடி போயிருப்பேன். எனக்கு முன்னால் போகிற ஒரு பெண் செல்லில் பேசிக்கொண்டே போனாள். இந்தப் பிள்ளையை எப்படி உள்ளே விட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அதன் பிறகுதான் இங்கே கேட் இல்லை, கம்பெனி இல்லை என்பது உறைத்தது. திரும்பிப் பார்த்தேன். கயிறு மட்டும் இருந்தது.

"எஞ்செல்லு, எஞ்செல்லு" என்று கத்தினேன். அதற்கு மேல் என்ன சொல்வதென்று தெரியவில்லை. சுற்றி ஆட்கள் கூடினார்கள். "என்னக்கா, பிடுங்கிட்டானா?" என்று ஒருவர் கேட்டார். நான் தலையாட்டினேன். எல்லாம் அந்தத் தலையாட்டலில்தான் ஆரம்பித்தது. "எப்படி இருந்தான்? என்ன சட்ட?" என்றார்கள். "காக்கிச் சட்டை" என்றேன். அது உண்மை. "ஏலே, காக்கிச் சட்டலே! அங்கன போறாம் பாரு, பிடிலே அவன!" என்று யாரோ கத்த, நாலு பேர் ஓடினார்கள். இழுத்துக்கொண்டு வந்த ஆளுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். தோளில் ஒரு துணிப்பை. அதைக் கீழே கொட்டினார்கள். ஒரு டிபன் பாக்ஸ், ஒரு பொட்டலம் மிக்சர், கோயில் குங்குமம். செல் இல்லை. "கைமாத்தி விட்டுட்டாம்ணே, இவனுக கூட்டமாத்தான் வருவானுக" என்று ஒருவன் விளக்கம் சொன்னான். அந்த மனிதர், "அய்யா, நான் சாத்தூர்ப் பக்கம் பட்டாசுக் கம்பெனி வாச்மேன்யா. போன் போட்டுக் கேளுங்கய்யா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சொல்லும்போது வலது கையைக் கும்பிடுவதுபோல் தூக்கினார். அந்தக் கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் இல்லை. மணிக்கட்டு வரை தோல் சுருங்கிப் பளபளவென்று இருந்தது. அது என்ன காயம் என்று எங்கள் ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. விபத்தில் கை போனவர்களைத்தான் கேட்டில் உட்கார வைப்பார்கள்.

என்னிடம் செல் வாங்கினவனின் முகம் எனக்கு நினைவில்லை. கேட்டில் யாரும் முகம் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்ப்போம். நான் பார்த்த கையில் ஐந்து விரலும் இருந்தன. நடுவிரலில் செம்பு வளையம் ஒன்று இருந்தது. ஆகவே அந்தக் கூட்டத்திலேயே, செல்லை வாங்கியவன் இவர் இல்லை என்று நிச்சயமாகச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நான்தான்.

அப்போதுதான் நீ வந்தாய். பார்சலைக் கீழே போட்டுவிட்டுக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாய். "எங்கம்மா செல்லையா எடுத்த?" என்று கேட்டாய். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அறைந்தாய். அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். நீ அறைந்ததும் மற்றவர்களுக்கு அனுமதி கிடைத்ததுபோல் ஆயிற்று. நான் உன் சட்டையைப் பிடித்து இழுத்தேன், அது உனக்கு நினைவிருக்கும். உன்னை இழுத்தேனே தவிர வாயைத் திறக்கவில்லை. அவர் தரையிலிருந்து என்னைப் பார்த்தார். நான் அவர் கையைப் பார்த்தேன். பிறகு குனிந்துகொண்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். இந்த இரண்டு வருடத்தில் நானே என்னைப் பலமுறை கேட்டிருக்கிறேன். இவர் இல்லை என்று சொன்னால், எப்படித் தெரியும் என்பார்கள். கையைப் பார்த்தேன் என்றால், பிடுங்கிக்கொண்டு ஓடுகிறவன் கையை எப்படி அவ்வளவு நிதானமாகப் பார்த்தாய் என்பார்கள். அப்புறம் நானே கொடுத்தேன் என்று சொல்ல வேண்டும். கம்பெனியில் என்னை டீச்சர் என்று கூப்பிடுகிறார்கள். எல்லாருடைய மனுவையும் நான்தான் எழுதிக்கொடுக்கிறேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் புத்தகம் படித்துக் கதை சொல்கிறவள். அப்படிப்பட்ட நான், வேலை செய்து நீ வாங்கிக்கொடுத்த பொருளை, கேட்டவனிடம் எண்ணும் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன் என்று உன் முன்னால் சொல்ல வெட்கப்பட்டேன். அவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் இருந்திருந்தால் நன்றாக இருக்கும் என்று தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

போலீஸ் ஏட்டு வந்து அடியை நிறுத்தினார். அடிபட்டவரைத் தூக்கி நிறுத்தி என்னைக் கேட்டார். "பாத்துச் சொல்லுங்கம்மா, இந்த ஆளா?" என் முன்னால் இரண்டு சொற்கள் இருந்தன. ஒன்று 'இல்ல'. இன்னொன்று 'தெரியல'. நான் "கூட்டத்துல சரியாத் தெரியல சார்" என்றேன். 'ஆமாம்' என்று சொல்லவில்லையே என்று வெகுநாள் என்னைத் தேற்றிக்கொண்டேன். தெரிந்ததைத் தெரியவில்லை என்று சொல்வது அடையாளம் காட்டுவதைவிடக் கெட்டது, தம்பி. 'ஆமாம்' என்றிருந்தால் யாராவது மறுத்துப் பேசியிருப்பார்கள். 'தெரியல' என்று சொன்னவளை யாரும் குறுக்குக் கேள்வி கேட்கவில்லை. ஸ்டேஷனில் புகார் எழுதச் சொன்னார்கள். கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டான் என்று பிழையில்லாமல் எழுதினேன். "கையெழுத்து அச்சு மாதிரி இருக்கே" என்று ஏட்டு பாராட்டினார். சாத்தூர்க் கம்பெனியிலிருந்து உறுதி செய்தபின் அன்று சாயங்காலமே அவரை விட்டுவிட்டார்கள். பஸ்ஸில் நீ சொன்னாய், "ஆதாரம் இல்லன்னு விட்டுட்டாக பாத்தியா? அந்த ஒரு அறையாச்சும் விழுந்துச்சே." நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஒரு வாரத்தில் வீடியோ வந்தது. கம்பெனி பஸ்ஸில் வருகிற ஒரு பெண் தன் செல்லை நீட்டினாள். "அக்கா, ஒங்க மகனப் பாருங்க, படத்துல வார மாதிரி இருக்கான்." விருதுநகரில் சிக்கிய செல்போன் திருடன் என்று தலைப்பு. முப்பது நொடி இருக்கும். அவர் கும்பிடுகிறார், நீ வருகிறாய், அறைகிறாய், விழுகிறார். அத்தோடு முடிந்துவிடுகிறது. ஏட்டு வருவது இல்லை, அவரை விட்டது இல்லை. நான் ஒரு ஓரத்தில் சேலையாக மட்டும் தெரிகிறேன். உன் முகமும் அவர் முகமும் தெளிவாக இருக்கின்றன. அதைச் சாத்தூரிலும் பார்த்திருப்பார்கள் என்பது எனக்கு அன்றே தெரியும். தெரிந்தும் இரண்டு வருடம் சரம் பின்னிக்கொண்டிருந்தேன்.

நீ சென்னைக்குப் போன மறு ஞாயிறு சாத்தூருக்குப் பஸ் ஏறினேன். பேர் தெரியாது, கம்பெனி தெரியாது. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில், கையில் ரெண்டு விரல் இல்லாத வாச்மேன் ஒருத்தர் என்று ஆரம்பித்தேன். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் முடிக்க விடவில்லை. "யாரு, செல்லுக்காரரா? அந்தா, வெள்ளரிக்கா வச்சிட்டு நிக்காருல்லா." பக்கத்தில் நின்றவர் சிரித்தார். "செல்லப் பத்தரமா வச்சிட்டுப் போங்கத்தா." அந்த ஊரில் அவருடைய பேரே அதுவாகிவிட்டிருக்கிறது. பழகிப்போன கேலி, அவர்களுக்கு அதில் கோபம்கூட இல்லை.

தட்டில் வெள்ளரிக்காயை அடுக்கி நின்றுகொண்டிருந்தார். மூன்று விரலால் காயைப் பிடித்து, இடது கையால் கீறி, மிளகாய்ப்பொடி தடவி ஒருவருக்குக் கொடுத்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். "எத்தன வேணும்?" என்று கேட்டவர் நிமிர்ந்து பார்த்தார். கத்தியைத் தட்டில் வைத்துவிட்டார். "விருதுநகர்" என்றார். நான் ஆமாம் என்றேன். நடுவில் ஒரு பஸ் வந்தது. நாலு பேருக்குக் காய் கொடுத்து முடிக்கிறவரை நான் நின்றேன். அவர் என்னைப் போகவும் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை.

"அண்ணாச்சி, அது நீங்க இல்லன்னு எனக்குத் தெரியும்" என்றேன்.

"இத சொல்லவா வந்தீக?" என்றார். "ஒங்களுக்குத் தெரியும்னு எனக்கு அன்னைக்கே தெரியும்த்தா. எங்கையப் பாத்தீக. பாத்துட்டுக் கீள குனிஞ்சிட்டீக. ஒங்க பையன் அடிச்சது, அவன் தாயிக்குப் பாத்து அடிச்சான். அடிச்ச மத்தவனுக்கெல்லாம் ஒண்ணும் தெரியாது. அம்புட்டு பேருலயும் தெரிஞ்ச ஆளு நீங்க ஒருத்திதான்."

நான் கேட்டில் செல் கொடுக்கிற பழக்கத்தைச் சொன்னேன். எண்ணைச் சொன்னதையும் சொன்னேன். அதைக் கேட்டபோது மட்டும் அவர் முகம் கொஞ்சம் மாறியது. "நம்பரு வேற சொன்னீகளாக்கும்" என்றார். கிட்டத்தட்ட சிரித்தார். பிறகு சொன்னார்: "மறுவாரம் நானும் கேட்டுல ஸ்டூல்ல உக்காந்து கைய நீட்டுனேன். முத வந்த பிள்ள செல்ல இடுப்புல சொருகிட்டு, 'வேற ஆளு வரட்டும்'னு நின்னுட்டா. அவளுக்குப் பின்னால அம்புட்டு பேரும் நிக்காக. ஷிப்ட்டு அரமணி நேரம் லேட்டு. மொதலாளி ஒண்ணும் சொல்லல. நானே சாவியக் குடுத்துட்டு வந்துட்டேன். செல்ல வாங்கி வைக்கிற ஆளு மேல செல்லுத் திருடன்னு பேரு வந்தா எப்படித்தா உக்காந்திருக்க?"

நான் உங்கள் கம்பெனிக்கு வந்து சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்று கையை அசைத்தார். அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்து இரண்டு வருடம் ஆகிறது, அவனுக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது என்றார். பிறகு அவராகவே சொன்னார். ஒரே மகள். கோவில்பட்டியில் கொடுத்திருக்கிறார். சம்பந்தி அந்த வீடியோவை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறாராம். வாக்குவாதம் முற்றும்போதெல்லாம் அந்தப் பெண் முன்னால் போட்டுக் காட்டுவாராம். "பேரனுக்கு மொட்ட போட்டு காது குத்துனாக. தாய்மாமனும் இல்ல, தாத்தன் மடிலயாவது ஒக்கார வைக்கணும்லா? எனக்குச் சொல்லியே விடல. பெறகு மகதான் ஒளிஞ்சு நின்னு போன் போட்டா. ரெண்டு வயசாகப் போவுது. பய மொகத்த நான் செல்லுலதான் பாத்திருக்கேன்."

அந்த வீட்டுக்கு வந்து நான் சொல்கிறேன் அண்ணாச்சி, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன் என்றேன். யோசித்தார். "வாங்க. ஆனா ஒங்கள அவுக நம்ப மாட்டாகளே. காசு குடுத்துக் கூட்டியாந்த ஆளும்பாக. அந்த வீடியோல நீங்க எங்க இருக்கீக? ஒங்க பையந்தான இருக்கான்."

இதற்காகத்தான் எழுதுகிறேன், தம்பி. திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டு விருதுநகர் ஸ்டேஷனுக்குப் போனேன். பழைய புகார் பொய், செல்லை நானே கையால் கொடுத்தேன், பிடிபட்டவர் அந்த ஆள் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். பழைய ஏட்டு இல்லை. புதிதாக இருந்தவர் படித்துவிட்டு, "ரெண்டு வருசம் கழிச்சு இது எதுக்கும்மா?" என்று கேட்டார். ஒரு பைலுக்குள் சொருகிவிட்டார். வீடியோவைப் பார்த்தவர்கள் எத்தனை பேர், எந்தெந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொருவரையும் தேடிப் போக முடியாது. அதனால்தான் இந்தக் கடிதம் அச்சுக்குப் போகிறது. படிக்கிறவர்கள் யாரிடமாவது அந்த முப்பது நொடி இருந்தால் அழித்துவிடுங்கள் என்று இதிலேயே கேட்டுக்கொள்கிறேன். அதில் திருடன் யாரும் இல்லை.

உனக்கு என் மேல் கோபம் வரும், வர வேண்டும். நீ கை ஓங்கியதற்குக் காரணம் நான். ஆனாலும் கை உன்னுடையது. அதைப் பங்கு பிரித்து என் பக்கம் எடுத்துக்கொள்ள எனக்கு ஆசையாக இருக்கிறது, அப்படிச் செய்ய முடியாது. அங்கே சென்னையில் கூட்டம் கூடி யாரையாவது அடிப்பதை நீ பார்ப்பாய். நம் ஊரைவிட அங்கே அதிகம் பார்ப்பாய் என்றுதான் தோன்றுகிறது. அப்போது பறிகொடுத்தவர் எங்கே என்று தேடு. அவர் முகத்தைப் பார். கீழே கிடப்பவரைப் பார்க்காமல் அவர் குனிந்து நின்றால், அவரிடம் போய் மெதுவாக, நான்கு பேர் கேட்காதபடி கேள். என்னிடம் அன்று யாராவது அப்படிக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். நீ தனியாகக் கேட்டிருந்தால்கூட. இதுவும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிற சமாதானமாக இருக்கலாம்.

வருகிற மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை கோவில்பட்டிக்குப் போகிறோம் என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன். காலை ஒன்பது மணிக்குச் சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் சந்திப்பதாகப் பேச்சு. உன் அப்பாவிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முழுவதையும் கேட்டார். பிறகு, "அவன் வேலைக்குச் சேந்து மாசம்கூட ஆகலயே, லீவு குடுப்பாகளா?" என்று மட்டும் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் எழும்பூரில் ஏறினால் விடிந்ததும் சாத்தூரில் இறங்கலாம். நீ வராவிட்டாலும் நான் போவேன். போய் அந்த வாசலில் நின்று சொல்வேன். நம்புகிறார்களோ இல்லையோ.

கிளம்பும்போது அவரிடம், என் மகனையும் வரச்சொல்லி எழுதுகிறேன், வருவானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது, பயப்படுவான் என்றேன். அவர் அடுத்த பஸ்ஸுக்காகக் காயைக் கீறிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே சொன்னார்.

"வரச் சொல்லுங்க. நான் அடிக்க மாட்டேன்."

சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

அம்மா